ஜூரா வீட்டுக்கு ஏற்ற அடுப்பு

வீட்டைச் சூடாக்க, மின்சாரம் நின்றாலும் எரியக்கூடிய அடுப்பைத்தான் வாங்க வேண்டும் என்று நான் தோமாவுக்குச் சொன்னது சரியான ஆலோசனை. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன், நீதிபதி மதாம். மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளில் எரியும் அடுப்பு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் குச்சியைத் தள்ளுவதும் காற்றை ஊதுவதும் மின்சாரம். ஜூரா மலையில் பனி கொட்டிக் கம்பி அறுந்தால் அது வெறும் இரும்புப் பெட்டி. மண்ணெண்ணெய் அடுப்பு வீடெல்லாம் மணக்கும். விறகடுப்புத்தான் சரி. வெப்பமூட்டிகள் பூட்டும் முதலாளி ஒருவரிடம் பதினான்கு வருடம் வேலை செய்தவன் நான். இந்த விடயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

மொழிபெயர்க்கும் அம்மா பாண்டிச்சேரிக்காரர். நான் தலைவலியைத் தலையிடி என்றால் ஒரு கணம் யோசிக்கிறார். ஆகவே மெதுவாகச் சொல்கிறேன்.

தோமா மன்னார், நான் யாழ்ப்பாணம். ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு தொலைபேசிக் கடைக்கு மேலே, ஒரே அறையில் பத்தொன்பது வருடம் இருந்தோம். அவனுடைய அகதி விண்ணப்பம் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டபோது ஆள் பிடித்துப் பிரெஞ்சில் கடிதம் எழுதுவித்தது நான். அவனுக்கு நிமோனியா வந்தபோது ஆஸ்பத்திரிக் கதிரையில் பன்னிரண்டு நாள் இருந்தது நான். அண்ணனா என்று தாதி கேட்டாள். அதற்கும் மேலே என்றான் தோமா. அப்படிச் சொன்ன ஒருவன் பிறகு எழுந்து போய்விடலாமா?

ஐம்பத்தொரு வயதில் போனான். அஜந்தாவைக் கட்டினான். அவளுக்கு ஜூராவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அவனுக்கும் அங்கே ஒரு பாற்கட்டி ஆலையில் வேலை கிடைத்தது. பழைய வீடொன்றை வாங்கி, சுவர்களுக்குப் பஞ்சு அடைத்து, இரட்டைக் கண்ணாடி யன்னல் போட்டு, துளிக் காற்றும் நுழையாமல் இறுக்கினார்கள். அப்படிப்பட்ட வீட்டில் விறகு ஒழுங்காக எரிய வேண்டுமானால் வெளிக்காற்று வர ஒரு துவாரம் வேண்டும். நான்தான் சுவரைத் துளைத்தேன். அடுப்பையும் புகைபோக்கியையும் பூட்டினேன். நச்சு வாயு சேர்ந்தால் கத்துகிற சிறு கருவியையும் சுவரில் மாட்டினேன். வேலையில் ஒரு குறையும் இல்லை. உங்கள் நிபுணரே அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

அஜந்தா நல்ல பிள்ளை. அதை நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் மீன் கட்லட் கட்டித் தந்துதான் என்னை ரயிலுக்கு அனுப்புவாள். ஒருநாள், "அண்ணை, நீங்களும் இஞ்சை வந்திடுங்கோவன். மேலறை சும்மாதானே கிடக்கு" என்றாள். தோமா இருக்கும் இடத்தில் எனக்கு அறை ஒதுக்க அவள் யார்?

நவம்பரில் புகைபோக்கி துப்புரவாக்கப் போனேன். இருவரும் கடைக்குப் போயிருந்தார்கள். எங்கள் அறையிலிருந்து கொண்டுபோன குளியல் துவாயைச் சுருட்டி வெளிச்சுவர்த் துவாரத்துக்குள் தள்ளினேன். கருவியின் பற்றரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். தலையிடி வரும், வயிறு பிரட்டிச் சத்தி வரும், வீடு ஒத்துவரவில்லை என்று திரும்பி வருவார்கள் என்று நினைத்தேன். இதை முதல் விசாரணையிலேயே சொன்னேன். நீங்கள் நம்பவில்லை. அது உங்கள் உரிமை.

அதுவரை மின் வெப்பமூட்டியே போதுமாக இருந்ததால் அவர்கள் அடுப்பைக் கொளுத்தவில்லை. ஜனவரி பதினாறாம் திகதி காலை பத்தரை மணிக்கு அஜந்தா எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, நைட் வேலை முடிஞ்சு இப்பதான் வந்தனான், பனியிலை கரண்ட் போயிட்டுது. அவர் வேலைக்குப் போயிட்டார், போன் எடுக்கிறாரில்லை. அடுப்பைக் கொளுத்தட்டோ?"

"தோமா எப்ப வருவான்?"

"அஞ்சு மணியாகும்."

"அப்ப கொளுத்து, பிள்ளை."

"யன்னலைக் கொஞ்சம் திறந்து விடட்டோ?"

"வேண்டாம். சூடெல்லாம் போயிடும். இறுக்கிப் பூட்டிப்போட்டுப் படு."

நன்றி சொல்லி வைத்தாள். பேசியது நான்கு நிமிடம் என்று உங்கள் தாளில் இருக்கிறது. சரிதான். பிறகு லா ஷப்பல் தமிழ்க் கடைகளுக்கு நடந்துபோய்ப் பாகற்காய் வாங்கினேன். தோமாவுக்குப் பிடிக்கும்.

ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தவன் அவளைக் கட்டிலில் கண்டான். தூங்குகிறாள் என்று நினைத்துக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணீர் வைத்தானாம்.

பெப்ரவரியில் என்னிடம் திரும்பி வந்தான். அவனுடைய கட்டிலை நான் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. கருவியில் பற்றரி இல்லை என்று அந்த ஊர்ப் பொலிசான ஜோந்தார்ம்கள் சொன்னபோது, தானே எதற்கோ கழற்றிவிட்டு மறந்திருக்க வேண்டும் என்று ஏற்றுக்கொண்டான். வெளித்துவாரத்தைப் பனி மூடியிருந்ததால், பனியே காற்றை அடைத்தது என்று நினைத்து அதை யாரும் கிளறவில்லை. "நான்தான் அவளைச் சாகடிச்சனான்" என்று தினமும் அழுவான். நான் முதுகைத் தடவிக்கொடுப்பேன். சமைத்துப் போட்டேன். பழைய உணவகத்திலேயே வேலை பேசிக் கொடுத்தேன். ஓகஸ்டில் ரூ பஜோல் கோயில் தேருக்குக் கூட்டிப்போனேன். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன்தான், ஆனாலும் தேர் திரும்பும்வரை என் பக்கத்தில் நின்றான். அந்த ஏழு மாதமும் நாங்கள் நன்றாக இருந்தோம். அதற்கு நான் வருந்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். வருந்த மாட்டேன்.

செப்டெம்பரில் வீட்டை விற்பதற்காக ஒழிக்கப் போனான். திரும்பி வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், மண் பிடித்த துவாயை மேசையில் வைத்தான்.

"சுவருக்குள்ளை கிடந்தது. இது ஆருடையது?"

"என்ரை."

"அவள் உனக்கு என்ன மச்சான் செய்தவள்?"

"ஒண்டும் செய்யேல்லை."

நான் பொய் சொல்லவில்லை. அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏழு மாசம் நான் அழ அழப் பாத்துக்கொண்டு இருந்தனியே, தவம்."

சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். சோறு இறக்கியிருந்தேன். அவன் துவாயை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் பொலிசுக்குப் போனான்.

விபத்து என்று சொல்லும்படி என் வழக்கறிஞர் கேட்கிறார். சொல்ல மாட்டேன். என் வேலையில் விபத்து நடந்ததில்லை. தோமா ஐந்து மணிக்குத்தான் வருவான் என்று கேட்டு, நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் கொளுத்தச் சொன்னேன். அஜந்தாவைக் கொன்றது தவரத்தினம் ஆகிய நான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் தோமாவுக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள்.