பக்கத்தில் ஒரு ஆள்

பெங்களூரு பீன்யாவில் ஒற்றை லேத் மெஷினோடு தொடங்கி சொந்தப் பட்டறை கட்டியவன் நான். மெஷின் ஓடுகிற சத்தத்திலேயே பழுதைச் சொல்லிவிடுவேன். ஆனால் மனுசனிடம் அவன் மனசில் இருப்பதை நேராகக் கேட்கிற ஆளை நேற்றுதான் பார்த்தேன். பஸ்ஸில் என் முன் சீட்டில், கம்பெனி யூனிபாரத்தோடு இரண்டு பேர்.

“குமாரு, ரெண்டு வாரமா டீ குடிக்கக்கூட வரல. சாகணும்னு தோணுதா?”

குமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “தோணுது மச்சி. வீட்ல சொல்லல.”

“எங்கிட்ட சொல்லிட்டல்ல. நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்.”

“உனக்கு ஷிப்ட் இருக்குடா.”

“மெஷினைப் பிரிச்சுப் போட்டா, திருப்பி மாட்டுற வரைக்கும் பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும்னு புதுப் பசங்ககிட்ட கத்துறது யாரு?”

“நான்தான்.”

“அப்ப நான் நிக்கிறேன். இன்னைக்கு உன் வீட்லதான் படுக்கை.”

“உன் குறட்டைல எவன்டா தூங்குறது?”

“தூங்காத. பேசிட்டிரு.”

குமார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். யஷ்வந்தபுரத்தில் பஸ் நின்றது.

“டேய், உன் ஸ்டாப்பு. இறங்கு.”

அந்த ஆள் அசையவில்லை. பஸ் கிளம்பியது. கைதேர்ந்த தொழிலாளிகளை வைத்து வேலை வாங்கியவன் நான். இவரைப் போல் ஒருவரைப் பார்த்ததில்லை.