குழியோடு போகும் சாவி

தெர்மாகோல் மணிகள் துணியில் ஒட்டினால் உதறினால் போகாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். என் சட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்துக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு சோதனைப் பெட்டியை விழவிடுவோம். அரை டன் இரும்பு. விழும் அந்தச் சில நொடிகள் அதற்குள் எதற்கும் எடை இருக்காது. தீகூட நாக்கு நீட்டாமல் உருண்டையாக எரியும். அடியில் மணிகள் நிரம்பிய குழி அதைத் தாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் ஒருவர் குழிக்குள் இறங்கி மணிகளைச் சமன்செய்வார். பெட்டியை விடுவிக்கும் சாவி அவர் சட்டைப்பையில் போகும். அவர் மேலே வந்து கொடுத்தால்தான் வேலை.

அந்த வேலை என் தம்பியுடையது. “என் உசுரு என் பாக்கெட்டுல இருக்குண்ணா” என்று தட்டிக் காட்டிவிட்டு இறங்குவான்.

இன்ஜினியரின் மேசையில் ஒரு மாற்றுச் சாவி இருந்தது. ஒரு நாள் தம்பி இறங்கி வெகுநேரமாகியும் சாவி வரவில்லை. அன்று வெளியிலிருந்து ஆய்வாளர்கள் வந்து காத்திருந்தார்கள்.

“உன் தம்பி எப்பவோ மேல வந்து எங்கயாவது டீ குடிச்சிட்டு இருப்பான்யா. சாவியக் குடுக்க மறந்திருப்பான்” என்று சொல்லி, இன்ஜினியர் மாற்றுச் சாவியைப் போட்டுத் திருப்பினார்.

தம்பியை நான்தான் அள்ளினேன். முகம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. விபத்து என்று விசாரணையை முடித்தார்கள். மாற்றுச் சாவி அதே மேசைக்குத் திரும்பியது.

அதன்பின் குழியில் இறங்க ஆள் கிடைக்கவில்லை. நேற்று இன்ஜினியரே இறங்கினார். நான் இன்டர்காமில் பேசினேன்.

“சார், பெட்டிய விடப்போறேன்.”

“சாவி என்கிட்ட இருக்குய்யா. வெறும் காத்தத்தான் விடணும் நீ” என்று சிரித்தார்.

“உங்க மேசைல ஒண்ணு இருந்துச்சு சார்.”

மணிகளில் கால் புதையும். ஏணிவரை ஓட முடியாது. என் தம்பியின் பெயரைச் சொல்லிக் கெஞ்சினார். அந்தப் பெயர் அவருக்குத் தெரியும் என்றே நான் நினைத்ததில்லை.

முதல் தடவை இடுப்புக்குக் கீழேதான் நசுங்கியது. பெட்டியை மறுபடி மேலே ஏற்ற நேரமாகும், அவசரப்படவில்லை. சத்தம் அதிகமாக இருந்ததால் இன்டர்காமை அணைத்தேன். இரண்டாவது தடவை சரியாக விழுந்தது.

சாவியைத் திருப்பினாலே பெட்டி விழுந்துவிடுமா என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். விழாது. பட்டனையும் அழுத்த வேண்டும். தம்பி இறந்த அன்றும் அது என் வேலைதான். இன்டர்காம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் பதில் சொல்லியிருப்பான். பெரியவர்கள் காத்திருந்தார்கள், கொடுக்கவில்லை.

ஆனால் அவனைக் கொன்றவர் இன்ஜினியர்தான். நான் பட்டனை மட்டும்தான் அழுத்தினேன்.