ஒளு முறியுமா?

ஃபஹாஹீலிலிருந்து குவைத் சிட்டி போகும் பஸ், ஜூலை வெயில். எனக்கு முன் சீட்டில் ஒரு வீட்டுச் சமையல்காரரும் அவருக்குத் தெரிந்த கடைக்காரரும்.

"சாராய வாசனை பட்டா ஒளு முறியுமா காக்கா? மறுபடி கை கால் கழுவிட்டுத்தான் தொழணுமா?" என்றார் சமையல்காரர்.

"எங்க போய்ப் பட்டுச்சு?"

"எங்க முதலாளி கஃபீல் குடும்பத்தோட ஸ்காட்லாந்து டூர் போனேன்ல. தினம் ஒரு கோட்டை, ஒரு விஸ்கி காய்ச்சுற இடம். அவங்க கோட்டைக்குத்தான் வந்தாங்க, மத்ததுல உள்ள போகல. நானும் வெளியவே நின்னுட்டேன், வாசனை அங்கேயே வந்துச்சு. பீப்பாயிலேருந்து ஆவியாகிக் காத்தோட போறது தேவதைங்க பங்காம், நம்ம மலக்குமார் பங்குன்னு கைடு சொல்றான்."

"அஸ்தக்ஃபிருல்லாஹ்! மலக்குமார் குடிப்பாங்களா?"

"அதான் நானும் கேட்டேன். சிரிக்கிறான். அங்கேயே புல்லுல லுஹர் தொழுதேன் காக்கா. பூந்தூறல். எதுத்த கோட்டை பாதி மேகத்துக்குள்ள. நெத்தியை வச்சா ஜில்லுன்னு. எழுந்திரிக்க மனசே வரல."

கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ஜன்னலில் மணல் ஓடிக்கொண்டிருந்தது.

"வாசனைக்கெல்லாம் முறியாது," என்றார் கடைசியில். "ஆமா, மனசு வராதது மழையாலயா, வாசனையாலயா?"

சமையல்காரர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"அதைக் கேக்கத்தான் காக்கா ஆரம்பிச்சேன்."