மலேசியாவில் வெங்காய வண்டி

— சத்தம் போடாத ஆஷ்லின். அது ஏதாவது தெருநாயா இருக்கும்.

— நாலு வருசமா சோறு போட்டவ நான். எனக்குத் தெரியாதா? அது நம்ம ஜோஜோ தாங்க. வாசக்கதவப் பெராண்டுது.

— அத மேலூர் ரோட்டுல தோட்ட வேல பாக்குற காளைகிட்டல்ல விட்டுட்டு வந்தோம்? அங்க இருந்து இங்க நாலு கிலோமீட்டர். எப்படி வரும்?

— நடந்து தான் வரும். அதுக்கு என்ன பாஸ்போர்ட்டா கேக்கப் போறாக?

— குத்திக் காட்டுற நேரமா இது? மெல்லப் பேசு. பகல் ரெண்டு மணி. எதுத்த வீட்டு முத்துமீனா அக்கா சாப்பிட்டுட்டு வாசல்ல வந்து உக்காருற நேரம்.

— அது மட்டுமா? முன்கதவுல நாமளே வெளிய பூட்டுப் போட்டுட்டுப் போனோம். பூட்டுன வீட்டு முன்னாடி நாயி நின்னு பெராண்டுனா தெருவே திரும்பிப் பாக்கும்.

— பாத்துக்கிருவோம். இன்னைக்கி வெள்ளி. ஞாயித்துக்கெழம சாயங்காலம் பெட்டிகளத் தூக்கிக்கிட்டுப் பின்பக்கமா போறோம். முன்பக்கமா டாக்சியில வந்து எறங்குறோம். முடிஞ்சது. இன்னும் ரெண்டே நாள்.

— இதையே தான் செவ்வாக்கெழமையில இருந்து சொல்லுறீக. திருச்சி ஏர்போர்ட்டுலயும் இதான சொன்னீக. அந்தக் கவுண்டர்ல இருந்த பிள்ள எம்புட்டுப் பதவிசா சொல்லுச்சு, 'சார், உங்க பொண்ணு பாஸ்போர்ட் நாலு மாசத்துல முடியுது, ஆறு மாசமாவது இருக்கணும், ஏத்த முடியாது'ன்னு. அதுகிட்டப் போயி 'பாத்துக்கிருவோம்மா'ங்கிறீக.

— மூணு பேருக்கும் ஒரே நாள்ல எடுத்த பாஸ்போர்ட்டு. பெரியவங்களுக்குப் பத்து வருசம், பிள்ளைகளுக்கு அஞ்சு வருசம்னு நான் என்ன கனவா கண்டேன்?

— ஸ்கூல் ஆபீஸ்ல உக்காந்து இருபது வருசமா ஊர்ப் பிள்ளைக டி.சி.யில எல்லாம் தேதி பாத்துப் பாத்து எழுதுறீக. சொந்தப் பிள்ள தேதியப் பாக்கலையே.

— சரி, விடு. ஆயிரம் தடவ சொல்லிட்ட.

— நான் சொல்லுறது அது இல்லங்க. திருச்சியில இருந்து விடியக்காலம் மூணு மணிக்குத் திரும்பி வந்தோமே, அப்பப் பின்கதவத் தெறக்காம முன்கதவத் தெறந்திருக்கலாம். ஒரு நாள் கேலி பண்ணுவாக, போயிரும். இப்ப மூணு நாளா சொந்த வீட்டுல ஒளிஞ்சு கெடக்கோம்.

— ஒரு நாள் கேலியா? ஞாயித்துக்கெழம பூசையில ஃபாதர் பேரு சொல்லி ஜெபிச்சாரு. 'நம் பங்கைச் சேர்ந்த கிறிஸ்துராஜ் குடும்பத்தாரின் மலேசியப் பயணம் நலமுடன் அமைய மன்றாடுவோம்'னு. எங்க ஆபீஸ்ல மால போடாத கொறை தான். போனதுக்கு மறுநாளே திரும்பி வந்துட்டேன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல?

— அதுக்காக எவனோ எடுத்த படத்த ஸ்டேட்டஸ்ல போடுறீகளே. நேத்துப் போட்டதுல மழ பெய்யுது. முந்தாநாள் போட்டதுல வெயிலு மண்டையப் பொளக்குது. பக்கத்து வீட்டுத் தவ்பீக் பாயி எந்த ஹோட்டலுன்னு கேட்டதுக்கு என்ன சொன்னீக?

— பேரு வாயில நுழையலன்னு எழுதினேன்.

— வெளங்கும். ஐயோ, மறுபடியும் பெராண்டுது பாருங்க. நான் போயி கதவு இடுக்கு வழியா மெல்ல அதட்டிட்டு வாரேன்.

— வேணாம், போகாத. ஏம்மா, சொன்னாக் கேக்க மாட்ட?

— ஜோஜோ. டேய். போடா. காளைகிட்டப் போ. ச்சூ.

— என்ன ஆச்சு?

— என் குரலக் கேட்டதும் கதவு மேலயே ஏறி நிக்குதுங்க. முனங்குது. அதுக்குச் சந்தோசம் தாங்கல.

— கெட்டுது போ. வா இங்கிட்டு. ஷைனி எங்க?

— மாடியில படுத்திருக்கா. தூங்கல. காலையில எங்கிட்டக் கேக்குறா, 'அம்மா, ஸ்கூல் தெறந்து டீச்சர் கேட்டா ரெட்டக் கோபுரத்துல மேல ஏறுனோம்னு சொல்லவா, கீழ நின்னு பாத்தோம்னு சொல்லவா'ன்னு. பதிமூணு வயசுப் பிள்ள. நான் என்னத்தச் சொல்ல?

— கீழ நின்னு பாத்தோம்னே சொல்லட்டும். கேள்வி கம்மியா வரும்.

— உங்களுக்கு எல்லாம் வெளையாட்டு.

— வெளையாட்டா? எனக்கா? போன வருசம் அவ க்ளாஸ்ல 'லீவுக்கு எங்கெங்க போனீக'ன்னு கேட்டாகள்ல. துபாயி, சிங்கப்பூரு, பாலின்னு ஒவ்வொண்ணும் எந்திரிச்சுச் சொல்லுதுக. இவ கொடைக்கானல்னு சொன்னா. அன்னையில இருந்து அவளுக்குப் பேரே கொடைக்கானல். 'ஏய் கொடைக்கானல், ஸ்கேல் குடு. ஏய் கொடைக்கானல், தள்ளி உக்காரு.' வருசம் பூரா கேட்டுட்டு வந்து ஒரு நாளும் அழுகல அவ. அது தான் எனக்குத் தாங்கல. அதுக்குத்தான இம்புட்டும்.

— தெரியும்ங்க.

— இப்ப மாட்டுனா அவளுக்கு என்ன பேரு வப்பாகன்னு நெனச்சுப் பாரு.

— அத நெனச்சுத்தான எனக்கு மூணு நாளா சோறு எறங்கல. சோறு எங்க, ரொட்டியும் வாழப்பழமும். குக்கர் விசிலடிக்கக் கூடாது, மோட்டர் போடக் கூடாது, கடுகு தாளிச்சா வாசம் போயிரும். மே மாசத்துல சன்னலச் சாத்திக்கிட்டு அவிஞ்சு போறோம்.

— இந்தத் தெருவுல பதினாலு வீடு ஆஷ்லின். மே பொறந்தா வீடு வீடாப் பூட்டிக்கிட்டுப் போறாக. பாய் குடும்பம் வருசா வருசம் துபாயி. கடைசி வீட்டுத் தமிழ்மாறன் சாரு பிள்ளைக இலங்கை, வியட்நாம்னு முடிச்சு இப்ப ஜப்பான் பேசுதுக. நாம மட்டும் வேளாங்கண்ணி போயிட்டு வந்தோம்னா, 'சரி, லீவுக்கு எங்க போறீக'ன்னு மறுபடி கேக்குறாக.

— எல்லாம் அந்தச் சாக்லேட்டுல வந்த வென. போன வருசம் முத்துமீனா அக்கா மலேசியாவுல இருந்து கொண்டாந்து குடுத்தாகளே. அந்தத் தாள ஷைனி இன்னும் பீரோக் கதவுல ஒட்டி வச்சிருக்கா. அதப் பாத்துப் பாத்துத்தான் 'நாமளும் மலேசியா போவோம்ப்பா'ன்னு ஆரம்பிச்சா.

— அந்தக்கா குடுத்து வச்சவுக. போன வருசம் பத்து நாள் மலேசியா. அடுத்த வாரம் சிங்கப்பூரு.

— அவுக போயிருந்தப்ப மாடியில வெளிச்சம் தெரியுதுன்னு நீங்க கம்ப எடுத்துக்கிட்டுப் போனீகளே, ஞாபகம் இருக்கா?

— இல்லாம? வாசல்ல நின்னு 'எவன்டா உள்ள'ன்னு கத்திப் பாத்தேன். ஒரு சத்தமும் இல்ல. லைட்ட அணைக்காமப் போயிட்டாக போலன்னு வந்துட்டேன். அதத்தான் நானும் சொல்லுறேன். நான் போன மாதிரி இன்னைக்கி எவனாவது கம்போட நம்ம வீட்டுக்கு வந்தா?

— உங்க போனு அதிருது. யாருன்னு பாருங்க.

— அந்தக்கா தான்.

— எடுக்காதீக.

— எடுக்கலன்னா இன்னும் சந்தேகம் வரும். நீ ஃபேன அமத்து. ஸ்பீக்கர்ல போடுறேன், பேசுறது உனக்கும் கேக்கட்டும். ஹலோ, அக்கா. சொல்லுங்கக்கா. இங்க மணி நாலரை. இப்பத்தான் சுத்திட்டு வந்து உக்காந்தோம்.

— தம்பி, நல்லாருக்கீகளா? ஸ்டேட்டஸ் எல்லாம் பாத்தேன். இங்க ஒரு சங்கதி தம்பி. உங்க நாயி வாசல்ல வந்து கெடக்கு.

— அப்படியா? காளைகிட்டல்ல விட்டுட்டு வந்தோம்.

— அத்துக்கிட்டு ஓடியாந்திருக்கு. கழுத்துல துண்டுக் கயிறு தொங்குது. ஆத்தி, இந்த வெயில்ல அம்புட்டுத் தூரம். தண்ணி வச்சேன், குடிச்சது. ஆனா எடத்த விட்டு நகர மாட்டேங்குது. கதவு இடுக்குல மூக்க வச்சுக்கிட்டு வால ஆட்டுது.

— எங்களத் தேடுதுக்கா. பாவம்.

— தேடுற நாயி ஊளையில்ல தம்பி விடும். இது வாலுல்ல ஆட்டுது.

— அது அப்படித்தான்க்கா. கொஞ்சம் கிறுக்கு.

— கேளுங்க. இஸ்திரி போடுற மொக்கையன் பாத்துட்டான். 'யக்கா, உள்ள ஆளு இருக்கு, களவாணிப்பய தான்'னு நாலு பேரச் சேத்துட்டான். தமிழ்மாறன் சாரு, பூட்ட ஒடச்சுப் பாத்துருவோம்ங்கிறாரு.

— வேணாம்க்கா. பூட்டத் தொட வேணாம்னு சொல்லுங்க. களவாணியப் பாத்து எங்கயாவது நாயி வால ஆட்டுமா?

— அதத்தான் தம்பி நானும் யோசிக்கிறேன்.

— இல்ல, நான் என்ன சொல்ல வாரேன்னா.

— அது கெடக்கட்டும். உங்க பக்கம் ஏதோ சத்தம் கேக்குதே.

— என்ன சத்தம்க்கா?

— 'வெங்காயம் நாலு கிலோ நூறு ரூவா'ன்னு.

— அது இந்த ரோட்டுல ஒரு வண்டி போகுதுக்கா.

— எங்க ரோட்டுலயும் இப்ப அதே வண்டி தான் போகுது. மலேசியாவுலயும் வெங்காயத்தத் தமிழ்ல தான் விக்கிறாகளா?

— இங்க நெறயத் தமிழாளுக இருக்காகக்கா.

— ரூவாயிலயா?

— ஹலோ. அக்கா, லைன் சரியில்லக்கா. ஹலோ. ஹலோ.

— வச்சுட்டீகளா?

— வச்சுட்டேன்.

— அவுகளுக்குத் தெரிஞ்சு போச்சுங்க.

— வெங்காயக்காரன் மாட்டி விட்டுட்டான்.

— பாத்துக்கிருவோம்னு சொல்லுங்க. இம்புட்டு நேரம் சொன்னீகள்ல, இப்பச் சொல்லுங்க.

— வரல ஆஷ்லின். பயமா இருக்கு.

— அங்க பாருங்க. ஷைனி படியில நிக்கிறா. எல்லாத்தையும் கேட்டுட்டா. மொகம் எப்படி வெளுத்துப் போச்சு பாருங்க. நீ மேல போ கண்ணு, அப்பா பாத்துக்கிருவாரு. போம்மா.

— போதும். நான் பின்பக்கமா போயி தெருவுல நின்னு எல்லாத்தையும் சொல்லிர்றேன். பூட்ட ஒடச்சு உள்ள வந்து நம்ம மூணு பேரையும் பாக்குறதுக்கு, நானே போயி நிக்கிறது மேலு. தப்பு என்னோடது தான், பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீகன்னு கையெடுத்துக் கும்புடுறேன்.

— நில்லுங்க. வெளிய அந்தக்கா என்னமோ பேசுறாக. கேளுங்க.

— ஏலேய் மொக்கையா, பூட்டுல இருந்து கைய எடு. இப்பத்தான் அந்தத் தம்பிகிட்டப் பேசுனேன். மலேசியாவுல தான் இருக்கு, காத்தும் இரைச்சலுமா கேக்குது. உள்ள எலி ஓடும், அதப் பாத்து நாயி ஆடுது. சாரு, நீங்களும் போயிச் சாப்பிடுங்க, வெயில்ல நிக்காதீக. நாய நான் கூட்டிட்டுப் போறேன். கலைங்கப்பா, கலைங்க.

— என்னங்க இது? நமக்காகப் பொய் சொல்லுறாக.

— ஏன்?

— எனக்குத் தெரியல. இன்னைக்கிக் காப்பாத்திட்டு நாளைக்கி எல்லார் முன்னாடியும் வச்சுக் கேக்கவா? எனக்கு இது இன்னும் பயமா இருக்குங்க.

— பின்பக்கம் காலடிச் சத்தம்.

— ஆஷ்லின். நான் தான் தாயி. தெற. கதவ ஒரு கையால லேசாத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத் தாழ்ப்பாள இழு, சத்தம் வராது.

— அக்கா.

— மொதல்ல நாய உள்ள விடு. இந்தா, இது புளிச்சோறு, இது மோரு. தாளிச்சது எங்க வீட்டுல. வாசம் உங்க வீட்டுல இருந்து வந்துச்சுன்னு எவனும் சொல்ல மாட்டான்.

— அக்கா, எங்கள மன்னிச்சிருங்க. ஷைனி பாஸ்போர்ட்டுல தேதி பாக்காம விட்டுட்டோம். இவரு வேணும்னே செய்யல.

— நான் கேட்டேனா? அழுகாத தாயி. பிள்ள பாக்குது.

— தெருவுல யாருகிட்டயும் சொல்லிறாதீகக்கா. எங்களுக்காக இல்ல. அவ ஸ்கூல்ல தல நிமிந்து போகணும்.

— சொல்ல மாட்டேன். இந்தப் பையையும் வச்சுக்க. ஞாயித்துக்கெழம வந்து எறங்குனா தெருவுக்கே குடுக்கணும்ல. கவர் பிரிக்காதது, இருபது இருக்கு.

— சாக்லேட்டு. போன வருசம் குடுத்தீகளே, அதே தாளு. ஏங்க, இங்க பாருங்க.

— இது ஏதுக்கா இப்ப? நீங்க அடுத்த வாரம் தான வெளிநாடு போறீக? போகுறதுக்கு முன்னாடியே எப்படி?

— நம்ம ஊரு டவுன்ஹால் ரோட்டுல வாங்குனது தம்பி. மாடி லைட்ட மட்டும் போட்றாதீக. போன வருசம் நீங்க கம்போட வந்து நின்னு கத்துனப்ப, நாங்க நாலு பேரும் கட்டிலுக்கு அடியில தான் கெடந்தோம்.