அஞ்சரை மணி நேரம்

— அழாதீங்கோ அக்கா. மாரிசெல்வம் அண்ணாவோட வருகைப் பதிவு பிரிண்டை உங்களுக்கு யார் குடுத்தா?

— கம்பெனி சேட்டோட வக்கீல் நீட்டுனாரு. எம் புருசன் காலைல எட்டரைக்கே விரல் வச்சுட்டு வெளிய போயிட்டாவளாம். மத்தியானம் குடிச்சிட்டுத் திரும்பி வந்து, தானா பிளாஸ்டிக் அரைக்கிற மெஷின்ல கைய விட்டுச் செத்தாவளாம். அவுக சாராயத்த மோந்துகூடப் பாத்ததில்ல அனந்த் தம்பி! விரல் வைக்கிற பொட்டிக்குப் புரோகிராம் நீதான எழுதுன? அது பொய் சொல்லுதுன்னு சொல்லு. அதுக்குத்தான் தாராவிலேருந்து மாட்டுங்காவுக்கு நடந்தே வந்தேன்.

— பொய் சொல்லாதுக்கா. மணியை யாரும் கையால போட முடியாது. விரல் வச்ச நிமிஷம், டேட்டாபேஸே 'இப்போ மணி என்ன'ன்னு சர்வரைக் கேட்டு எழுதிண்டுடும்.

— அப்போ நான் பொய் சொல்லுதேனா?

— அரே, அப்படிச் சொல்லலை. அன்னிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினார்?

— காலைல ஏழே முக்காலுக்கு. சோத்து டப்பா கட்டிக் குடுத்தேன்லா.

— இதுல உள்ள போனது ராத்திரி ரெண்டரைன்னு இருக்கு.

— கூறுகெட்ட பேச்சு! ராத்திரி ரெண்டரைக்கு எம் பக்கத்துல கொறட்ட விட்டுக்கிட்டுக் கெடந்தாவ!

— இருங்கோ... ஐயோ. அதாவது, சர்வர் இருக்கறது வெளிநாட்டுல. அதோட மணி நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. ஃபோன்ல காட்டறச்சே நான் கூட்டித்தான் காட்டுவேன். வக்கீல் பக்கத்துல அவா கூட்டாம அப்படியே பிரிண்ட் எடுத்திருக்கா.

— எனக்கு வெளங்குத மாதிரி சொல்லு.

— ரெண்டரைன்னா நமக்குக் காலை எட்டு. நீங்க சொன்னதுதான் சரி.

— எங்கம்மா இசக்கி! கண்ணத் தொறந்துட்டியே! அப்போ குடிகாரன்னு எழுதுனத அடிச்சிருவாவல்லா? எம் மவ தலை நிமிந்து பள்ளிக்கூடம் போவால்லா?

— நானே வந்து சொல்றேன். ஆனா வெளிய போனது... எட்டரைன்னா... மத்தியானம் ரெண்டு.

— ரெண்டா? மெஷின் இழுத்தது ஒரு மணிக்குல்லா. அந்த எடத்துலயே உசுரு போயிட்டுன்னு கூட நின்ன வாசிம் பாய் சொன்னாரு.

— பதிவு ரெண்டுதான்கா.

— செத்தவுக எப்படித் தம்பி விரல் வைப்பாவ?

— அக்கா... அவரை உங்களுக்கு எப்போ காட்டினா?

— மூணு மணிக்கு மேல. இடது கையே இல்ல. உடம்பெல்லாம் ரத்தமும் பிளாஸ்டிக் தூளும். வலது பெருவிரல் மட்டும் சுத்தமாத் தொடச்சிருந்துது. எந்தப் புண்ணியவானோ தொடச்சிருக்கான், அவன் நல்லா இருக்கணும்னு கும்பிட்டேன் தம்பி.