குளிர்பெட்டியின் கொக்கி

செவ்வாய்க்கிழமை, காலை எட்டு இருபது. கப்பலூர் செல்லும் பேருந்தில், இறந்தவர்களைக் கிடத்தும் குளிர்பெட்டி செய்யும் பட்டறைக்காரர் இருவர் என் முன்னிருக்கையில் பேசிக்கொண்டு வந்தனர்.

"செத்தவரு மூடியத் தள்ளுறாருன்னு வீடே வாசல்ல நிக்குதாம், மாப்ள."

"கொக்கி கழண்டா ஸ்பிரிங் தூக்கத்தான செய்யும். ஆறு மில்லி ஸ்குரூவுக்கு எம்புட்டு துளை போட்ட?"

"ஆறரை."

"கொக்கித் தகட்டுக்கு ஆறரை சரி, அதுல ஸ்குரூ சும்மா நுழையணும். பெட்டியில மரை வெட்டணும்ல, அங்க அஞ்சு."

"ரெண்டுக்கும் ஆறரையே போட்டுட்டேன். மரை வெட்டுற டேப்பு வழுக்கிக்கிட்டு இறங்குச்சு, நானும் சந்தோசப்பட்டேன்."

"இறங்காம? வெட்டுறதுக்கு அங்க இரும்பே இல்லையே. முன்னாடி போன பெட்டியெல்லாம்?"

"அதெல்லாம் நீ துளை போட்டது. ஒவ்வொண்ணையும் நாந்தான் இழுத்துப் பாத்தேன், அசையல. தப்பு நேத்து போன இந்த ஒண்ணுதான்."

அவர்கள் சட்டையிலிருந்த பட்டறைப் பெயர், சென்ற மாதம் நாகமலை புதுக்கோட்டையில் என் மனைவியைக் கிடத்திய பெட்டியிலும் இருந்தது. அதன் மூடி இரண்டு முறை எழுந்தது. இரண்டு முறையும் நானே அழுத்தி மூடினேன்.

செய்யாமல் விட்டவை:

அவர்களிடம் எங்கள் பெட்டியைப் பற்றிக் கேட்பது.

மகளிடம் சொல்வது.

மூடியை அழுத்துவதற்கு முன் என் மனைவியின் முகத்தைப் பார்ப்பது.