முப்பது கிலோ

தங்கபுஷ்பம்: குக்கர் உள்ள போகும். ஸ்வெட்டரச் சுருட்டி அதுக்குள்ள வை.

லிண்டா: குக்கர் வேண்டாம்மா. ஹாஸ்டல்ல கிச்சன் உண்டு, பாத்திரம் உண்டு.

தங்கபுஷ்பம்: அயர்லாந்துக்காரன் உனக்குச் சோறு பொங்க குக்கர் வாங்கி வச்சிருக்கானா?

லிண்டா: சோறு இல்லன்னா பிரெட்.

தங்கபுஷ்பம்: மூணு வருஷத்துக்குமா? ஏட்டி, ரெண்டு நாள் பிரெட் தின்னா உனக்கு வயிறு கட்டும். நர்ஸ் மவ பேசுத பேச்சா இது?

லிண்டா: குக்கர் இங்க இருக்கட்டும். நீ எதுல சமைப்ப?

தங்கபுஷ்பம்: எனக்கு ஒருத்திக்கு... ஒரு சட்டி போதும். இந்தா, இந்த ஆல்பத்தையும் வை.

லிண்டா: இது சர்ச்ல எனக்கு முதல் நன்மை தந்தப்ப எடுத்த ஆல்பம்லா? இத அங்க யாருகிட்ட காட்ட?

தங்கபுஷ்பம்: நீ பாரு.

லிண்டா: கிறிஸ்மஸுக்கு வந்து பாத்துக்கிடுதேன். அலமாரிலயே இருக்கட்டும்.

தங்கபுஷ்பம்: கரப்பான் அரிச்சிரும்.

லிண்டா: பத்து வருஷமா அரிக்காத கரப்பானா?

தங்கபுஷ்பம்: வாயாடாத. வை.

லிண்டா: அம்மா... பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட், தடுப்பூசி அட்டை, அப்பா கண்ணாடி. நீ என்ன, வீட்டையே பெட்டிக்குள்ள வைக்கப் பாக்கியா?

தங்கபுஷ்பம்: அப்பா கண்ணாடி கனம் கிடையாது.

லிண்டா: கனத்துக்குச் சொல்லல. நீ இந்த அரபு நாட்டுல இருந்து லீவுக்கு ஊருக்குப் பெட்டி கட்டுத மாதிரி கட்டுத. அங்க என் பெட்டியப் பிரிக்க சித்திமார் யாரும் சுத்தி உக்காந்திருக்க மாட்டாவ.

தங்கபுஷ்பம்: நல்லதா போச்சு. ஒரு டைகர் பாமாவது உனக்கு மிஞ்சும்.

லிண்டா: ரெண்டு ஜீன்ஸ், நாலு டாப்ஸ், புத்தகம். போதும்மா. மத்தத வெளிய எடு.

தங்கபுஷ்பம்: நான் வைக்க வைக்க நீ எடுக்க. படிக்கப் போற பிள்ளை மாதிரியா இருக்க? பக்கத்து பில்டிங் ரெனீஷ் போகும்போது எப்படித் துள்ளினான். நீ துட்டி கேக்க எழவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்க.

லிண்டா: தலை வலிக்கு... லெட்டர் வாங்கினியா?

தங்கபுஷ்பம்: எந்த லெட்டர்?

லிண்டா: தெரியாத மாதிரி கேக்காத. நீ ஆஸ்பத்திரில வேலை பாக்கன்னு உங்க ஆபீஸ்ல ஒரு லெட்டர். காலேஜ்ல கேக்கான்னு மூணு வாரமா சொல்லுதேன்.

தங்கபுஷ்பம்: அதைப் போட்டுத் தாற பிள்ளை லீவு.

லிண்டா: போன வாரமும் லீவு.

தங்கபுஷ்பம்: பிரசவ லீவு. நான் போய் பெத்துக் கொடுக்கவா?

லிண்டா: வேற யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்களா?

தங்கபுஷ்பம்: காலேஜுக்கு எதுக்கு என் லெட்டர்? நானா படிக்கப் போறேன்? நீ போய்ச் சேரு, தபால்ல அனுப்புகேன்.

லிண்டா: போறதுக்கு முன்னால வேணும்.

தங்கபுஷ்பம்: பாப்போம்.

லிண்டா: பாப்போம்னு சொல்லாத. வேணும்மா... இது என்ன? அபாயா. யாருது?

தங்கபுஷ்பம்: அதை இங்க கொண்டா. அது பெட்டிக்கு இல்ல.

லிண்டா: நமக்கு எதுக்கு இந்தப் பர்தா?

தங்கபுஷ்பம்: எங்க வார்டு ஷிஜி ஆன்ட்டி வச்சிட்டுப் போனா.

லிண்டா: ஷிஜி ஆன்ட்டி ஒட்டடைக்குச்சி. இது உன் அளவு.

தங்கபுஷ்பம்: டூட்டிக்குப் போற வழில தூசி. மேல போட்டுக்கிடுவேன். அதுல என்ன கேள்வி?

லிண்டா: உன் யூனிபார்ம்ல டெட்டால் வாசமே இல்லையே இப்பல்லாம்.

தங்கபுஷ்பம்: என்னைய ஆபீஸ் டூட்டிக்கு மாத்தியிருக்கு. பெட்டிய மூடு. எடை போடலாம். அந்த மெஷினை நகத்து... நான் பெட்டியத் தூக்கிட்டு ஏறுகேன். நீ நம்பரைச் சொல்லு.

லிண்டா: நூத்தி மூணு.

தங்கபுஷ்பம்: என் எடை எழுபத்திமூணு. கழிச்சா முப்பது. பாத்தியா, ஒரு கிராம் கூடல. பிளேன்ல முப்பதுதானே விடுவான்? உங்க அப்பா பெட்டி கட்டினா இப்படித்தான் சரியா நிக்கும், அந்தக் கைராசி எனக்கும் வந்தாச்சு.

லிண்டா: இது முப்பது கிலோ இல்லம்மா. என்னால அசைக்க முடியல. பெட்டிய வச்சிட்டு நீ மட்டும் ஏறு.

தங்கபுஷ்பம்: என் எடை எனக்குத் தெரியும்.

லிண்டா: ஏறும்மா.

தங்கபுஷ்பம்: சொல்லு.

லிண்டா: அறுபத்தேழு... பெட்டி முப்பத்தாறு. நீ எப்ப ஆறு கிலோ குறைஞ்ச?

தங்கபுஷ்பம்: தவக்காலத்துல ஒருநேரம் மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தேன்லா.

லிண்டா: தவக்காலம் முடிஞ்சு நாலு மாசமாச்சு.

தங்கபுஷ்பம்: குறைஞ்சா நல்லதுதானே. சுகர் வராது... சரி, உன் பாஸ்போர்ட்டை எடு. விசா ஸ்டிக்கரை இன்னும் நான் கண்ணால பாக்கல.

லிண்டா: ஃபைல்ல இருக்கு.

தங்கபுஷ்பம்: ஃபைல் எங்க?

லிண்டா: பிறகு காட்டுதேன். யாரோ பெல் அடிக்காவ... லாண்டரி ராமையா அண்ணன்.

ராமையா: அக்கா, வாஷிங் மெஷினுக்கு ஆள் கூட்டி வந்திருக்கேன். தூக்கிரலாமா?

தங்கபுஷ்பம்: புதன்கிழமைன்னுதானே சொன்னேன் ராமையா?

ராமையா: பிக்கப் வண்டி இன்னைக்குச் சும்மா நின்னுச்சுக்கா. எங்க லாண்டரிக்குப் பின்னாடியே போட்டு வைக்கலாம்னு பாத்தேன்... அப்ப கட்டிலும் ஃப்ரிட்ஜும் புதன்தானா?

தங்கபுஷ்பம்: பிறகு பேசலாம். இப்பப் போ.

ராமையா: சரிக்கா. பாப்பா, நல்லபடியாப் போயிட்டு வா.

லிண்டா: கட்டிலா?

தங்கபுஷ்பம்: பழசு. மாத்தணும்.

லிண்டா: கட்டில், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின். எல்லாம் ஒரே நாள்ல பழசாச்சா?

தங்கபுஷ்பம்: நீ அந்தப் பூட்டை எடு.

லிண்டா: அம்மா. என்னையப் பாத்துப் பேசு.

தங்கபுஷ்பம்: பூட்டுச் சாவிய எங்க வச்சேன்...

லிண்டா: அம்மா.

தங்கபுஷ்பம்: வேலை போச்சு மக்களே. கலாஸ்.

லிண்டா: எப்ப?

தங்கபுஷ்பம்: இன்னையோட இருபத்திமூணு நாள்.

லிண்டா: நேத்துகூட யூனிபார்ம் போட்டுட்டுப் போனியே.

தங்கபுஷ்பம்: போனேன். அதே ஆஸ்பத்திரிக்குத்தான். யூனிபார்ம் மேல அபாயாவப் போட்டுட்டு ஓ.பி. பெஞ்சுல இருப்பேன். ஏசி உண்டு. கைல ஒரு டோக்கன் இருந்தா யாரும் எழுப்ப மாட்டாவ.

லிண்டா: எட்டு மணி நேரமா?

தங்கபுஷ்பம்: வீட்ல நீ இருந்தியே... என் இடத்துக்கு இந்த நாட்டுப் பிள்ளை ஒண்ணு வந்திருக்கு. அவளுக்கு நரம்பு பாத்து ஊசி போட நான்தான் பழக்கினேன். ஒரு நாள் பெஞ்சுல என்னையக் கண்டுபிடிச்சுட்டா. ஒண்ணும் கேக்கல. தண்ணி கொண்டாந்து தந்தா.

லிண்டா: ஏன் எங்கிட்ட சொல்லல?

தங்கபுஷ்பம்: சொன்னா நீ போவியா?

லிண்டா: அதுக்காக இருபத்திமூணு நாளா?

தங்கபுஷ்பம்: செவ்வாய்க்கிழமை நீ ஏறு. புதன்கிழமை நான் சாவியக் கொடுக்கணும். குவார்ட்டர்ஸ் ஆஸ்பத்திரியோடது. என் விசாவும் முடிஞ்சுது.

லிண்டா: நீ எங்க போவ?

தங்கபுஷ்பம்: ஊர்ல உன் மாமா மாடில ஒரு அறை தாரேன்னான். மாமிக்கு மனசில்ல. நம்ம வீடு இருந்தா... அதை அப்பா சீக்குக்கு வித்தாச்சு, இப்ப அதைப் பேசி என்ன? மாமா அறைல ஒரு பாய் விரிக்கலாம். ஆல்பத்துக்கும் கண்ணாடிக்கும் இடம் கிடையாது. அதான் எல்லாத்தையும் உன் பெட்டில... எனக்கு வேற இடம் தெரியல மக்களே.

லிண்டா: அம்மா, அந்தப் பெட்டிய...

தங்கபுஷ்பம்: முப்பத்தாறுன்னா முப்பத்தாறு. ஏர்போர்ட்ல நான் கெஞ்சிக்கிடுகேன். நீ ஒருத்தி ஒரு இடத்துல போய் இரு. அது போதும் எனக்கு. லெட்டர் மட்டும் இனி கேக்காத. இல்லாத வேலைக்கு எவன் கையெழுத்துப் போடுவான்? உன் காலேஜுக்கு வேற என்னமாவது சொல்லு.

லிண்டா: லெட்டர் காலேஜுக்கு இல்லம்மா.

தங்கபுஷ்பம்: பின்ன?

லிண்டா: ஃபைல் உன் தலையணைக்கு அடில இருக்கு. நீ அங்க தேட மாட்டன்னு வச்சேன். பாஸ்போர்ட்டை எடுத்துப் பாரு.

தங்கபுஷ்பம்: என்னட்டி இது, எல்லாம் வெறும் பக்கமா இருக்கு... ஸ்டிக்கர் எங்க?

லிண்டா: எம்பஸிக்காரன் விசா தரல. நாலு வாரமாச்சு. அப்பீல் பண்ணலாம்னு போட்டிருந்தான், அதுக்குத்தான் உன் லெட்டரைக் கேட்டேன். ஒரே ஒரு காரணம்தான் எழுதியிருக்கான்மா... படிச்சு முடிச்சுட்டுத் திரும்பி வர எனக்கு ஒரு வீடு இருக்குன்னு அவங்களால நம்ப முடியலையாம்.